போதகர் வீட்டு அடுப்படி

பல்லடத்திலிருந்து ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். "அக்கா, எங்கள் லைன் வீட்டுக்கு எதிரே ஒரு சர்ச் இருக்கிறது. அங்கே இருக்கிற ஃபாதருக்குச் சம்சாரமும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஃபாதர் கல்யாணம் செய்துகொள்ளலாமா? அந்த அம்மாவுக்கு சர்ச்சில் என்ன வேலை? விடிந்தது முதல் ராத்திரி பத்து மணி வரைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறாரே!" என்று கேட்கிறார்.

கேள்வி என்னவோ சின்னதுதான். ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லப் புகுந்தால் அது கிறிஸ்தவர் வீட்டுக் கதையோடு நிற்காது. உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் வந்து சேரும். அதனால் இந்த இதழில் சமையல் குறிப்பையும் கைவைத்தியத்தையும் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதையே பேசலாமே!

முதலில் கல்யாண விஷயம். ரோமன் கத்தோலிக்க சபையில் சாமியார்களுக்குத் திருமணம் கிடையாது. 'ஃபாதர்' என்று அழைப்பது அவர்களைத்தான். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே போன்ற மற்ற சபைகளில் போதகர்கள் குடும்பஸ்தர்களாக இருக்கலாம். பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள். சி.எஸ்.ஐ. என்பது தென்னிந்தியத் திருச்சபை. நாடு சுதந்திரம் அடைந்து ஆறு வாரம் கழித்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி, சென்னையில் பல சபைகள் ஒன்றாகச் சேர்ந்து உண்டானது. அங்கே போதகரை ஆயர் என்பார்கள், குருவானவர் என்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் பாஸ்டர்.

நான் பிறந்தது சாத்தான்குளம் பக்கம். அங்கே பழைய மனுஷர்கள் போதகரை 'ஐயர்' என்றும் அவர் மனைவியை 'ஐயரம்மா' என்றும்தான் சொல்வார்கள். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த புதிதில் ஒரு நாள் வீட்டுக்கார அம்மாவிடம், "நேத்து எங்க ஐயர் வீட்டுக்கு வந்தாவ, கோழிக் குழம்பு வச்சேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார். "ஏனுங் கண்ணு, ஐயரு கோழி திம்பாருங்களா?" என்று அவர் கேட்ட கேள்வி எங்கள் லைன் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது! இந்தக் கட்டுரையில் நான் ஐயரம்மா என்று எழுதினால் போதகரின் மனைவி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி, அந்த அம்மாவுக்கு என்ன வேலை என்ற கேள்வி.

ஐயரம்மா வேலைக்கு அப்பாயிண்ட்மெண்ட் ஆர்டர் கிடையாது. சம்பளம் கிடையாது. லீவும் கிடையாது. சில ஐயரம்மாக்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சராகவும் இருப்பார்கள். அந்தச் சம்பளம் அந்த வேலைக்கு. சபை வேலை தனி. பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டம், ஞாயிறு பள்ளிக்கூடம், பிள்ளை பெற்ற வீடு, துக்க வீடு, புருஷன் பெண்டாட்டி சண்டை என்று எல்லாவற்றுக்கும் முதலில் போய் நிற்பது அவர்தான். கிறிஸ்துமஸ் மாதம் வந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

அதுவும் நம்ம திருப்பூரில் நேரமே வேறு. காலை எட்டரைக்கு ஷிப்ட்டுக்குப் போனவர்கள் ராத்திரி எட்டு, எட்டரை தாண்டித்தான் வருவார்கள். ஆர்டர் அவசரம் என்றால் அதற்கும் மேலே. அதற்கப்புறம்தான் ஐயரைப் பார்க்க வருவார்கள். தேனியிலிருந்து, தூத்துக்குடியிலிருந்து, இப்போது ஒடிசாவிலிருந்து, ஜார்க்கண்டிலிருந்து என்று எங்கெங்கிருந்தோ பிழைக்க வந்த ஜனங்கள். இந்த ஊரில் அவர்களுக்கு அம்மா வீடு கிடையாது. மனசு சரியில்லை என்றால் கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். சனிக்கிழமை சம்பளத்தைப் புருஷன் வழியிலேயே கரைத்துவிட்டு வந்தால், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் பத்து மணிக்கு வந்து நிற்பாள். ஐயர் ஜெபம் பண்ணுவார், புத்தி சொல்லுவார். அந்தப் பெண்ணுக்குத் தோசை வார்த்துப் போட்டு, பிள்ளைக்குப் பால் காய்ச்சி, பாயை விரித்துப் படுக்க வைப்பது யார்? காலையில் அந்தப் புருஷனுக்கும் காபி கொடுத்துப் பேச வைப்பது யார்?

பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களுக்கு நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவேன். ஐயரம்மா கைமடி! கம்பெனி தெரியாத வாசகிகளுக்குச் சொல்கிறேன். டெய்லர் மிஷினில் உட்கார்ந்து தைத்துத் தள்ளிக்கொண்டே இருப்பார். பக்கத்தில் நின்று பீஸை எடுத்துக் கொடுத்து, தைத்து விழுவதை வாங்கி, மடித்து அடுக்குகிற ஆளுக்குக் கைமடி என்று பெயர். கைமடி ஒரு நாள் வரவில்லை என்றால் டெய்லர் கை ஓடாது. ஆனால் ஒன்று கவனியுங்கள். கம்பெனியில் கைமடிக்கும் டோக்கன் உண்டு, சனிக்கிழமை சம்பளம் உண்டு. போதகர் வீட்டுக் கைமடிக்கு அது இல்லை.

"இதெல்லாம் ஆண்டவருக்குச் செய்கிற ஊழியம், அதற்குக் கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்கலாம். செய்கிறவர் கணக்குப் பார்க்க வேண்டாம். அது அவர் பக்தி. ஆனால் வாங்கிக்கொள்கிற நாம் பார்க்கத்தான் வேண்டும். அது நம் நன்றி.

இந்தக் கணக்கை யாரும் எழுதி வைக்காமல் போனதால், எத்தனை பெரிய பெண்களை நாம் பெயர் தெரியாமல் இருக்கிறோம் தெரியுமா? எனக்குத் தெரிந்த சிலரைச் சொல்கிறேன்.

போதகர்கள் குடும்பம் நடத்தலாம் என்ற வழக்கத்தை ஊரறியச் செய்து காட்டியவர்களில் முக்கியமானவர் ஜெர்மனி தேசத்து மார்ட்டின் லுத்தர். அவர் 1525-ல் காத்தரீனா என்ற பெண்ணை மணந்தார். அந்தப் பெண் முன்பு கன்னியர் மடத்தில் இருந்தவர். லுத்தர் எழுதினார், பிரசங்கம் பண்ணினார், உலகம் முழுக்கப் பேர் வாங்கினார். வீட்டில் ஆறு பிள்ளைகள். அதற்கு மேல் தங்கிப் படிக்கிற மாணவர்கள், வருகிற போகிற விருந்தாளிகள், சீக்காளிகள். பழைய மடம் ஒன்றுதான் வீடு. காத்தரீனா மாடு வளர்த்தார், பன்றி வளர்த்தார், தோட்டம் போட்டார், நிலம் வாங்கிப் பயிரிட்டார். அந்தக் கூட்டத்துக்கு மூன்று வேளையும் சாப்பாடு போட்டது அந்தக் கைதான்.

லுத்தருக்கு அது தெரியும். தனக்குப் பின் எல்லாம் மனைவிக்கே என்று 1542-ல் உயில் எழுதி வைத்தார். ஆனால் 1546-ல் அவர் காலமானபோது அந்நாட்டுச் சட்டம் அதை லேசில் ஏற்கவில்லை. விதவைக்கும் பிள்ளைகளுக்கும் ஆண் காப்பாளர் வேண்டும் என்றது. பின்னாலே யுத்தம், கொள்ளை நோய். ஊர் ஊராக ஓடி, 1552-ல் வண்டி விபத்தில் அடிபட்டு அந்த அம்மாள் இறந்துபோனார். அத்தனை பெரிய போதகரின் மனைவிக்கே அந்த முடிவு!

நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம். ஜான் தேவசகாயம் என்று ஒரு ஐயர். தென்னிந்தியாவில் ஆங்கிலிக்கன் சபையில் குருப்பட்டம் பெற்ற முதல் இந்தியர் என்று இவரைச் சொல்வார்கள். 1830-களில் பட்டம் பெற்றவர். அன்றைய திருநெல்வேலி ஜில்லா கடாட்சபுரத்தில் ஊழியம் செய்தார். அவருடைய மகள் அன்னாள். இவரைச் சத்தியநாதன் என்ற போதகருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். 1860-களில் அந்தத் தம்பதி சென்னைக்குப் போனார்கள். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் சத்தியநாதன் ஐயர் போதகர்.

புது ஊர், புது ஜனம். அன்னாள் சும்மா இருக்கவில்லை. தன் வீட்டிலேயே பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். வெளியே வர வழக்கமில்லாத பெரிய வீட்டுப் பெண்களைத் தேடி அவர்கள் வீட்டுக்கே போய் எழுத்தும் படிப்பும் தையலும் சொல்லிக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண் தெருவில் இறங்கி இன்னொரு வீட்டுப் பெண்ணுக்கு அட்சரம் சொல்லிக் கொடுக்கப் போவதென்றால் லேசான காரியமா?

இளம் தாய்மார்களே, உங்களுக்கு இதுதான் ஆச்சரியமாக இருக்கும். பிள்ளைகளை எப்படி வளர்ப்பது என்று அன்னாள் தமிழில் ஒரு சிறு புத்தகமே எழுதினார். பெயர் 'நல்ல தாய்'. இன்றைக்கு நம் பத்திரிகையில் பக்கம் பக்கமாக வருகிற குழந்தை வளர்ப்புக் கட்டுரைகளுக்கு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின ஒரு பெரியம்மா அவர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்! 1890-ல் அவர் காலமானார்.

அந்த வீட்டின் கதை அதோடு முடியவில்லை. மராட்டி தேசத்திலிருந்து கிருபாபாய் என்ற ஒரு பெண் டாக்டருக்குப் படிக்க வேண்டுமென்று 1878-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். தங்க இடம்? சத்தியநாதன் ஐயர் வீடுதான். வயசுப் பெண்ணைத் தனியே தொலைதூரம் படிக்க அனுப்பக் குடும்பங்கள் நடுங்கிய காலம் அது. உடம்பு ஒத்துழைக்காததால் கிருபாபாய் படிப்பைத் தொடர முடியவில்லை. பின்னால் அந்த வீட்டு மகன் சாமுவேலையே மணந்து மருமகளானார். ஊட்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். இங்கிலீஷில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண்களில் ஒருவராக இன்றைக்கும் பேசப்படுகிறார். 1894-ல், சின்ன வயசிலேயே போய்விட்டார்.

பிறகு சாமுவேல் மணந்தது கமலா என்ற தெலுங்குப் பெண்ணை. இந்தக் கமலா சத்தியநாதன்தான் 1901-ல் சென்னையிலிருந்து 'இந்தியன் லேடீஸ் மேகஸின்' என்ற இங்கிலீஷ் மாதப் பத்திரிகையை ஆரம்பித்தவர். பெண்களுக்காகப் பெண் ஆசிரியராக இருந்து நடத்திய பத்திரிகை! 1906-ல் அவர் கணவர் ஜப்பானுக்குப் போன இடத்தில் காலமாகிவிட்டார். கையிலே சின்னஞ்சிறு பிள்ளைகள். கமலா பத்திரிகையை விடவில்லை. அதற்கப்புறம் பல வருஷம் நடத்தினார். நடுவில் நின்றுபோனதை 1927-ல் மறுபடியும் எடுத்து நடத்தினார்.

ஒரு போதகர் வீட்டு அடுப்படியிலிருந்து என்னவெல்லாம் வெளியே வந்திருக்கிறது பாருங்கள். ஒரு பள்ளிக்கூடம், குழந்தை வளர்ப்புப் புத்தகம், நாவல், பெண்கள் பத்திரிகை. பிரசங்க மேடையில் நின்றவர் பெயர் கல்வெட்டில் இருக்கும். இவர்கள் பெயரை நாம்தான் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்.

இன்னொரு குடும்பம். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்பவர் 1874-ல் வெள்ளாளன்விளையில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தார். எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு! ஆங்கிலிக்கன் சபையில் பிஷப் ஆன முதல் இந்தியர் அவர். 1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் பட்டம். தெலுங்கு தேசத்தில் தோர்ணக்கல் என்ற இடத்தில் ஊழியம். தெலுங்கைக் கற்றுக்கொண்டு, ஏழை எளிய கிராமத்து ஜனங்களோடேயே வாழ்ந்து 1945 புத்தாண்டு தினத்தன்று காலமானார்.

அவர் 1898-ல் அன்பு மரியம்மாள் என்ற பெண்ணை மணந்தார். அந்த நாளிலேயே கல்லூரிப் படிப்பு வரை போன பெண். வரதட்சணை வேண்டாம் என்று சொல்லி எளிமையாக நடந்த கல்யாணம். நினைத்துப் பாருங்கள்! வரதட்சணை இன்றைக்கும் எங்கள் பக்கத்திலே கிறிஸ்தவக் குடும்பங்களை விட்டுப் போகவில்லை. மேடையிலே கண்டித்துவிட்டு வீட்டிலே சவரன் கணக்குப் பேசுகிறவர்கள் எல்லா மதத்திலும் இருக்கிறார்கள். அசரியா தன் கல்யாணத்திலேயே அதைச் செய்து காட்டினார்.

அவரிடம் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம் உண்டு. தோர்ணக்கலில் கிராம ஊழியத்துக்கு ஆண்களைப் படிக்க வைத்தபோது, கல்யாணமானவர்கள் மனைவியோடு வந்து தங்க வேண்டும், மனைவிக்கும் படிப்பு உண்டு என்று வைத்தார். நாளைக்குக் கிராமத்திலே பாதி வேலை அவள் தலையில்தானே விழப் போகிறது? அப்படியானால் அவளுக்கும் பயிற்சி கொடு! இதுதான் நியாயம். அன்பு அம்மாளும் ஆறு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே அந்தப் பெண்களுக்குப் பக்கபலமாக இருந்தார்.

அங்கே ஏழைப் பெண்கள் காணிக்கை கொடுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவது. வாரக் கடைசியில் அதைக் கோவிலுக்குக் கொண்டு போவது. சின்ன வயசில் எங்கள் வீட்டிலும் அந்தப் பானை இருந்தது. மிசோரத்தில் கிறிஸ்தவப் பெண்கள் 1910 வாக்கில் ஆரம்பித்த இதே வழக்கம் இன்று வரை பெரிய நிதியாக நடக்கிறது. காஞ்சிப் பெரியவர் சொன்ன பிடி அரிசித் திட்டம் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எந்தக் கோவிலாக இருந்தாலும், அரிசிப் பானையில் கை விடுவது பெண்தான். அவள் மனசு வைத்தால்தான் தர்மம் நடக்கும்.

இவ்வளவும் பழைய கதை. இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு ஐயரம்மா. ஊரும் பேரும் வேண்டாம். 2021-ல் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது ஐயருக்குக் காய்ச்சல் வந்து பதினோரு நாளில் போய்விட்டார். ஐம்பது வயசு கூட ஆகவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள், ஒன்று பத்தாவது, ஒன்று ஏழாவது. அவர்கள் இருந்தது குருமனை, அதாவது சபைக்குச் சொந்தமான வீடு. அடுத்த போதகர் வந்தால் அதில்தான் இருக்க வேண்டும். அவருக்கும் குடும்பம் உண்டு, அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த அம்மா எங்கே போவார்?

இருபத்திரண்டு வருஷத்தில் ஏழு குருமனை மாறியவர் அவர். மாற்றல் ஆர்டர் வந்தால் சட்டி பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். "ஒவ்வொரு வீட்டிலயும் கொல்லையில ஒரு முருங்கை வச்சிருவேன் அக்கா. காய்க்க ஆரம்பிச்சதும் மாத்திருவாங்க. மொத்தம் ஏழு மரம் இருக்கு, எனக்குன்னு ஒரு மரம் இல்ல" என்றார் ஒரு நாள். அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தொண்டையை அடைத்தது.

சொந்த வீடு இல்லை என்பது மட்டுமா? பாங்கில் அவர் பெயரில் கணக்கு இல்லை. ஐயர் கணக்கில் நாமினியாக யார் பெயரைப் போட்டிருக்கிறது என்று பார்த்தால், கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய கணக்கு, காலஞ்சென்ற மாமியார் பெயர் இருக்கிறது! ரேஷன் கார்டு இரண்டு ஊருக்கு முந்தின விலாசத்தில். வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பிக்க எந்த ஊர் தாலுகா ஆபீஸ் என்பதே குழப்பம். ஊரார் குடும்பத்து வழக்கையெல்லாம் தீர்த்து வைத்த வீட்டில், தங்கள் காகிதத்தை எடுத்துப் பார்க்க இரண்டு பேருக்கும் நேரம் இருந்ததில்லை.

சபைப் பெரியவர்கள் சிலர் உதவினார்கள். ஆனால் காரியத்தை முன்னால் நின்று இழுத்தது பெண்கள்தான். செக்கிங்கில் இருக்கும் ஒருத்தி, பிசிறு வெட்டப் போகும் ஒருத்தி, மளிகைக் கடைக்காரம்மா, நான், இன்னும் சிலர். அதில் இரண்டு பேர் கிறிஸ்தவர்களே இல்லை. அந்த வீட்டுத் திண்ணையில் ஒரு காலத்தில் சாப்பிட்டவர்கள். பிடி அரிசிப் பானைதான் எங்களுக்கு ஞாபகம் வந்தது. இப்போது யார் வீட்டில் அரிசி அள்ளி வைக்க முடியும்? சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரித்ததும் மளிகைக் கணக்குக்கு முன்னாலே ஒரு சின்னத் தொகையை எடுத்து வைப்பது என்று முடிவு செய்தோம். பத்து ரூபாய் கொடுத்தவளும் உண்டு, நூறு கொடுத்தவளும் உண்டு. ஒரு சின்ன வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டினோம். ஐயரம்மாவுக்குத் தையல் தெரியும். பழைய மிஷின் ஒன்றை நல்லபடியாக ரிப்பேர் பார்த்து வாங்கிக் கொடுத்தோம். இன்றைக்கு அவர் வீட்டிலிருந்தே ஜாப் ஒர்க்காக நைட்டி தைக்கிறார். மூத்த பெண் காலேஜுக்குப் போகிறாள். சாயங்காலம் லைன் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடமும் சொல்லித் தருகிறார். அந்தப் பழைய ஊழியத்தை விட்டாரா? விடவில்லையே!

இப்போதைய எங்கள் போதகர் இளைஞர். போன மாதம் வீட்டுக் கூட்டத்தில் அவர் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. சபையை நடத்த வருகிறவன் தன் சொந்தக் குடும்பத்தை நன்றாக நடத்துகிறவனாக இருக்க வேண்டும் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், மூன்றாம் அதிகாரத்தில் சொல்லியிருக்கிறது. நம்மில் பலர் அதற்கு, மனைவியையும் பிள்ளையையும் அடக்கி வைப்பது என்று அர்த்தம் செய்துகொள்கிறோம், அது தப்பு, என்றார். திங்கட்கிழமை அவர் யார் வீட்டுக்கும் போவதில்லை. சாவு, ஆஸ்பத்திரி என்றால் மட்டும்தான் விதிவிலக்கு. அன்றைக்கு அவர் மார்க்கெட்டுக்குப் போகிறார், பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறார். முதலில் சிலர் முணுமுணுத்தார்கள். "ஐயர் என்ன, பையைத் தூக்கிட்டு மார்க்கெட்ல நிக்காரு" என்று. இப்போது பழகிவிட்டது. அதைப் பார்த்து எங்கள் லைனில் இரண்டு ஆண்பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? எந்தப் பிரசங்கத்தாலும் நடக்காதது அந்தக் காய்கறிப் பையால் நடந்தது!

காலமும் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபையில் 1970-களிலிருந்து பெண்களும் குருப்பட்டம் பெறுகிறார்கள். 2013-ல் புஷ்பலலிதா என்ற பெண்மணி ஆந்திராவில் நந்தியால் பேராயத்துக்குப் பிஷப்பே ஆனார். இனி 'ஐயரம்மாவின் புருஷன்' என்று ஒருவர் அடுப்படியில் நின்று வருகிறவர்களுக்குக் காபி போடுவாரா என்று பார்ப்போம்!

சகோதரிகளே, போதகர் வீடாக இருந்தாலும் சரி, பூசாரி வீடாக இருந்தாலும் சரி, ஹஸ்ரத் வீடாக இருந்தாலும் சரி, கட்சிக்காரர், டாக்டர், யூனியன் தலைவர் வீடாக இருந்தாலும் சரி, ஊருக்கு உழைக்கும் ஒரு மனிதரின் பின்னால் வீட்டுக்கு உழைக்கும் ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்கு நாம் செய்யக்கூடியது பெரிய காரியமில்லை. சாப்பாட்டு நேரத்தில் போய்க் கதவைத் தட்டாமல் இருக்கலாம். அவள் பிள்ளைகளை, 'ஐயர் பிள்ளை இப்படிச் செய்யலாமா' என்று தெருவில் வைத்துக் கேட்காமல் இருக்கலாம். விசேஷ நாளில் அவள் கையில் கரண்டியைக் கொடுக்காமல் இலை போட்டு உட்கார வைக்கலாம். அவள் பெயர் என்ன என்று கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாம். எத்தனையோ சபைகளில் பத்து வருஷம் பழகினவர்களுக்கும் ஐயரம்மாவின் சொந்தப் பெயர் தெரியாது!

நமக்கு நாமே செய்துகொள்ள வேண்டியதும் உண்டு. நாமும் நம் வீட்டில் கைமடிகள்தானே? இந்தச் சனிக்கிழமை, சமையல் முடிந்ததும் அரை மணி நேரம் புருஷனை உட்கார வையுங்கள். "என்ன விஷயம்?" என்று முறைத்தாலும் பரவாயில்லை. பாங்க் பாஸ்புத்தகம், பி.எஃப்., எல்.ஐ.சி. என்று எல்லாவற்றிலும் நாமினி யார் என்று பாருங்கள். பழைய பெயர் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பெயரில் ஒரு கணக்கு இல்லையென்றால் திங்கட்கிழமையே போய் ஆரம்பியுங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் இப்போது இருக்கிற விலாசத்தில் இருக்கட்டும். கல்யாணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வீட்டு வாடகைப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அந்தப் பை எங்கே இருக்கிறது என்று மூத்த பிள்ளைக்கும் சொல்லி வையுங்கள்.

இதைச் செய்தால் அபசகுனம் என்று மாமியார் சொல்லலாம். மழைக்கு முன்னாலே கூரையை ஓட்டை பார்ப்பது அபசகுனமா, அம்மா என்று கேளுங்கள். அவர் பெயரிலும் ஒரு நாமினி எழுத வேண்டியிருக்கும். அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.